எசென்குல் மலையின் இடது தோள்

கரா-அர்ச்சா என்னும் மலையூருக்கு மருமகளாக வந்த எந்தப் பெண்ணும் மேற்கே இருக்கும் மலையின் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. வந்த முதல் வாரத்திலேயே, சமோவாரின் அருகில் உட்கார்ந்து தேநீர்க் கிண்ணங்களை நிரப்பிக்கொண்டிருக்கையில், மற்ற பெண்கள் எந்த இடத்தில் ஒரு நொடி தயங்கி வேறு சொல்லுக்குத் தாவுகிறார்கள் என்பதைக் கவனித்தே அவர்கள் தெரிந்துகொண்டார்கள். காரணம் எளியது: அந்த மலை அவர்களுடைய கணவன்மாரின் முப்பாட்டன். இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு எசென்குல் என்பவர் ஏழு பிள்ளைகளோடும் நூற்றுப் பத்து ஆடுகளோடும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்; பின்னால் வரவேண்டிய ஒட்டகங்களுக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லி மேற்குப் பக்கம் உட்கார்ந்தார்; பிறகு எழவில்லை. முதல் குளிர்காலத்தில் பனி அவர் தாடிவரை ஏறியது. பேரப்பிள்ளைகள் வளர்ந்தபோது அவர் முழங்காலில் ஆடு மேய்க்க முடிந்தது. அதற்கடுத்த தலைமுறையில் அவர் மார்பில் அர்ச்சா மரங்கள் முளைத்தன, தலையில் கோடையிலும் பனி கரையாமல் நின்றது. மாமனாரின் பெயரையும் அவருக்கு மூத்தவர்களின் பெயர்களையும் மருமகள் சொல்லக்கூடாது என்பது அந்த நாடு முழுக்க உள்ள வழக்கம். மாமனார் மலையாகிவிட்டார் என்பதற்காக வழக்கம் மாறுமா?

ஆகவே பெண்கள் அவரை ‘மேற்கே இருப்பவர்’ என்றார்கள், ‘காற்றைத் தடுப்பவர்’ என்றார்கள், அவசரத்தில் ‘பெரியவர்’ என்றார்கள். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புவியியல் ஆசிரியை வரைபடத்தில் அந்த இடத்தில் குச்சியை வைத்துத் தொண்டையைக் கனைப்பார். பிள்ளைகள் பெயரைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள். சோவியத் காலத்தில் கூட்டுப்பண்ணைத் தலைவியாக இருந்த ஒரு மருமகள் தன் ஆண்டறிக்கைகளில் ‘அன்னாரின் காலடியிலுள்ள மேய்ச்சல் நிலம்’ என்று பதினான்கு ஆண்டுகள் எழுதியதில், அன்னார் என்பவர் ஓர் உழைப்பாளி என்று மேலிடத்தில் முடிவுசெய்து அவருக்கு ஒரு பதக்கம் அனுப்பினார்கள். அது இன்னும் ஊராட்சி அலுவலகத்தின் இழுப்பறையில் கிடக்கிறது. ஊரில் பிறந்த ஆண்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர்கள் எசென்குல் என்ற பெயரைக் காலையில் எழுந்தது முதல் சொன்னார்கள்: ஆடு தொலைந்தால் எசென்குல் மேல் ஆணை, சீட்டாட்டத்தில் தோற்றால் எசென்குல் மேல் ஆணை, கழுதை நகராவிட்டால் அதன் காதுக்குள்ளும் எசென்குல்.

நாற்பத்து மூன்று வீடுகள். நவம்பரில் கணவாய் மூடினால் ஏப்ரலில்தான் பாதை திறக்கும். இணையம் வேண்டும் என்று ஊர் எழுதிய மனுக்களுக்கு, நாற்பத்து மூன்று வீடுகளுக்காக அறுபது கிலோமீட்டர் கம்பி புதைக்க இயலாது என்ற பதில் ஒவ்வொரு முறையும் ஒரே கையெழுத்தில் வந்தது. மாவட்ட நகரத்தின் கோபுரத்திலிருந்து வரும் அலைபேசி அலை மலையின் முதுகில் மோதித் திரும்பிப் போயிற்று. இந்தக் குறையை எல்லோரையும்விட அதிகம் உணர்ந்தவள் ஜிபார். அவள் எசென்குலின் மூத்த கிளையில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் மருமகளானவள். ஊரின் ஒரே மருத்துவ உதவியாளர். இரண்டு அறையும் ஒரு கட்டிலும் கொண்ட சுகாதார நிலையத்தின் சாவி அவளிடம் இருந்தது. கர்ப்பிணிகள் அக்டோபரிலேயே மாவட்ட நகரத்துக்கு இறங்கி, அங்கே அறியாதவர்களின் வீடுகளில் வாடகைக்கு இருந்து பிள்ளை பெற்று, வசந்தத்தில் திரும்பினார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கரா-அர்ச்சாவில் குளிர்காலத்தில் ஒரு குழந்தையும் பிறக்கவில்லை. மூன்று குளிர்காலங்களுக்கு முன் ஒருத்திக்கு நாளுக்கு வெகு முன்பே வலி வந்தது. பால் லாரியில் ஏற்றிக் கணவாய்க்குப் போனார்கள். லாரி பனியில் நின்றது. பிறந்த குழந்தை ஜிபாரின் கோட்டுக்குள் ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தது. அன்றிலிருந்து அவள் அந்தக் கோட்டை அணிவதில்லை, விற்கவும் இல்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் கரகோல் நகரத்தைச் சேர்ந்த யாகுப் என்ற துங்கான் இனப் பொறியாளன் அலை வாங்கும் ஒரு வட்டத் தட்டு, ஒரு கம்பம், சூரியத் தகடுகள், ஒரு மடிக்கணினி ஆகியவற்றோடு வந்தான். கம்பி எட்டாத ஊர்களுக்கு அலைவழியே அகலப்பட்டை இணையம் கொண்டுபோகும் ஒரு சிறு குழுவில் அவன் வேலை பார்த்தான். அதன் இணைத் தட்டை மாவட்ட நகரத்துக் கோபுரத்தில் கட்டிவிட்டு வந்திருந்தான். கொண்டுவந்ததைச் சுகாதார நிலையத்தின் கூரையில் கட்டினான். கர்ப்பத்திலிருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து மருத்துவருக்கு அனுப்பும் கையடக்கக் கருவி ஒன்றையும் ஜிபாரிடம் கொடுத்தான். பிறகு மடிக்கணினியைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தான்.

“ரெண்டு தட்டும் ஒண்ணையொண்ணு பார்க்கணும் அக்கா. நடுவுல ஆள் நின்னா பேச்சு போகாது,” என்றான்.

“நிக்கலை தம்பி. உக்காந்திருக்கார்.”

“யாரு?”

“அவர்தான்.”

“எவர்?”

அறையிலிருந்த பெண்கள் நால்வரும் தங்கள் கிண்ணங்களைப் பார்த்தார்கள். வாசலில் நின்றிருந்த ஊராட்சித் தலைவர் பேகிஷ் உள்ளே தலையை நீட்டினார். “எசென்குலைச் சொல்றா. மருமகளுங்க வாயில அந்தப் பேரு வராது. நீ சாயங்காலம் வரைக்கும் கேட்டாலும் ‘அவர்’தான்.”

யாகுப் அளந்து பார்த்ததில், முப்பத்தோரு கிலோமீட்டர் நேர்கோட்டில் எசென்குலின் இடது தோள் மட்டும் எண்பது மீட்டர் அளவுக்குக் குறுக்கே இருந்தது. தோளின்மேல் கம்பத்தை நட்டு அலையை அங்கிருந்து திருப்பலாம் என்றான். ஆறு குதிரைகளில் கம்பத்தையும் தகடுகளையும் ஏற்றிக்கொண்டு ஆண்கள் இரண்டு நாள் ஏறினார்கள். பாறையைத் துளைத்து நட்டார்கள். மூன்றாம் நாள் காலை கம்பம் பேகிஷின் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் நேராக நின்றது. ஒரு திருகாணிகூடக் கழலவில்லை. வயர் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மறுபடி ஏற்றினார்கள்; மறுபடி தோட்டத்துக்கு வந்தது. மூன்றாம் முறை வந்தபோது கம்பத்தின் உச்சியில் கல்பாக் தொப்பியின் வடிவில் பனி வைக்கப்பட்டிருந்தது. “விருந்தாளியை வெறுந்தலையோட அனுப்பக் கூடாதுன்னு தொப்பி போட்டு அனுப்பியிருக்கார்,” என்றார் பேகிஷ். அதற்குப் பிறகு கம்பத்தை யாரும் ஏற்றவில்லை. பேகிஷின் மனைவி அதில் துணி உலர்த்தினாள்.

அக்டோபரில் ஒரு வழி தானாகத் திறந்தது. மேகம் இடது தோளைத் தாண்டி ஊருக்குள் இறங்கும் நாட்களில் அலையும் அதன்மேல் ஏறி வந்தது. மூடுபனி வீடுகளுக்குள் நுழைந்த நொடியில் எல்லா அலைபேசிகளும் ஒருசேரச் செய்தி சொல்லின. தொலைதூர நகரமான எகாதெரின்பர்கில் கட்டட வேலையில் இருந்த ஆண்கள் ஊரின் பனிமூட்டத்தில் இடுப்புவரை தோன்றி மனைவிமாரோடு பேசினார்கள். வந்த படங்கள் ஈரமாக இருந்தன. பெண்கள் அலைபேசிகளைக் கொடியில் கவ்விமாட்டி உலர்த்திய பிறகே முகங்கள் தெளிந்தன. புவியியல் ஆசிரியை ஒரு பாடத்தின் பாதியை இறக்கி முடித்தபோது வெயில் வந்து மீதியை எடுத்துக்கொண்டது. மேகம் வரும் நேரத்தைச் சொல்ல எவராலும் முடியவில்லை என்பது தவிர அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஜிபாருக்கு மட்டும் அந்த ஒரு குறையே போதுமானதாக இருந்தது. அவள் கணவனின் தம்பி மனைவி பெர்மெத் அப்போது ஐந்து மாதம். பிப்ரவரியில்தான் நாள்; கணவன் எகாதெரின்பர்கில். அக்டோபரில் கீழே இறங்கு என்று ஜிபார் சொன்னபோது, பார்க்க ஆளில்லாத ஊரில் போய் என்ன செய்வேன், தட்டுதான் வேலைசெய்யப் போகிறதே என்று பெர்மெத் இருந்துவிட்டாள். தட்டு வேலைசெய்யும் என்று அவளிடம் முதலில் சொன்னவள் ஜிபாரேதான்.

நவம்பர் தொடக்கத்தில், கணவாய் மூடுவதற்கு முன், பெரியவரிடமே கேட்டுவிடுவது என்று ஊர் முடிவுசெய்தது. கேட்பது என்றால் பெயர் சொல்லி விளிக்க வேண்டும். ஆகவே ஆண்களைத்தான் அனுப்ப வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமிருக்கவில்லை. பதினொரு ஆண்கள் வயது வரிசையில் குதிரையேறினார்கள். பெண்கள் போர்சோக் ரொட்டித் துண்டுகள் பொரித்துப் பையில் கட்டிக்கொடுத்து வழியனுப்பினார்கள். எசென்குலின் காலடியில் ஓர் ஆட்டை அறுத்து, துஆ ஓதி, பேகிஷ் கூட்டங்களில் பேசும் குரலில், “எசென்குல் பாட்டனாரே, தங்கள் இடது தோளைச் சற்றே ஒதுக்கித் தருமாறு தங்கள் வழிவந்தோர் கேட்டுக்கொள்கிறோம்,” என்றார். மற்ற பத்துப் பேரும் தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்டார்கள். மலை கேட்டதாகவே தெரியவில்லை. அவர்கள் ஆட்டுக்கறியைத் தின்றுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பினார்கள். தோர் என்னும் தலையிடத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்தவரை எழுந்து தள்ளி உட்காரச் சொல்ல நமக்கு என்ன உரிமை என்று பேகிஷ் சமாதானம் சொன்னார். அது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. அதற்கு நான்காம் நாள் கணவாய் மூடியது. யாகுப் ஊரில் சிக்கிக்கொண்டான். வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறைவைத்து அவனுக்குச் சாப்பாடு போட்டார்கள். அவன் தினமும் காலையில் கூரையேறித் தட்டைத் துடைத்துவிட்டு இறங்கினான்.

ஜனவரி இறுதியில், குறித்த நாளுக்கு மூன்று வாரம் முந்தி, பெர்மெத்துக்கு வலி கண்டது. விடியும்போது சன்னமான பனிமூட்டம் இருந்தது. ஜிபார் அவளைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தி, கருவியை வயிற்றில் கட்டி, மாவட்ட மருத்துவமனையின் சபிரா டாக்டரைப் பிடித்துவிட்டாள். டாக்டர் நான்கு நிமிடம் சுவரில் தெரிந்தார். முதல் கோடு போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறத் தொடங்கியது.

“ஜிபார், துடிப்பு இறங்குதுன்னு நீங்க சொல்றதை நம்புறேன். ஆனா அந்தக் கோட்டை என் கண்ணால பார்க்காம ஊசி போடச் சொல்ல மாட்டேன். வலியோட சேர்ந்து இறங்குதா, வலி முடிஞ்சு இறங்குதாங்கறதுலதான் எல்லாம் இருக்கு,” என்றார். அவருடைய நெற்றி வெளுத்தது, பிறகு கண்கள், பிறகு அவர் முழுவதும் வெயிலில் கரைந்து போனார்.

பிரசவ வலியின் வேகத்தைத் தணிக்கும் ஊசி அலமாரியில் இருந்தது. தக்க சமயத்தில் போட்டால் குழந்தைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். தவறான சமயத்தில் போட்டால் தாயின் உயிருக்கே கேடு. எது எந்தச் சமயம் என்று தீர்மானிக்கும் படிப்பு ஜிபாருக்கு இல்லை. அது தனக்கு இல்லை என்று அறியும் அளவுக்குப் படிப்பு இருந்தது. மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைப் பதித்து எண்ணினாள். நூற்றுப் பத்து. அடுத்த வலிக்குப் பிறகு தொண்ணூற்றாறு. வெளியே வானம் ஒரு பொட்டு மேகமில்லாமல் நீலமாக இருந்தது. குளிர்காலத்தில் அப்படியொரு நாளுக்காக ஏங்குகிற ஊர், அன்று முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக் கலங்கியது.

“அக்கா, என்னை அந்த லாரியில மட்டும் ஏத்திடாதீங்க,” என்றாள் பெர்மெத்.

“பாதையே இல்லை, எங்க ஏத்துறது. இடது பக்கம் திரும்பிப் படு.”

“நீங்க ஏன் முகத்தை அப்படி வச்சிருக்கீங்க?”

“என் முகமே அப்படித்தான். பத்து வருஷமா பார்க்கிறவளுக்கு இப்பதான் தெரியுதா?”

பெர்மெத் சிரிக்கப் போனாள். அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. எண்பத்தெட்டு. ஜிபார் குழலைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து எண்ணச் சொல்லிவிட்டு, ஏணியில் கூரைக்கு ஏறினாள். அங்கே யாகுப் மடிக்கணினியைக் கோட்டால் வெயிலுக்கு மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரே ஓர் எண், அது பூச்சியம். எதிரே எசென்குல் முழு வெயிலில் உட்கார்ந்திருந்தார், அர்ச்சா மரங்கள் அடர்ந்த மார்பும் பனி வழியும் இடது தோளுமாக. பத்தொன்பது ஆண்டுகளாக ஜிபார் அவரை நேரே நிமிர்ந்து பார்த்ததில்லை. பக்கவாட்டில் பார்த்தே பழக்கம். இப்போது பார்த்தாள். அவருக்கு வயதாகிவிட்டது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

“மேற்கே இருப்பவரே,” என்று கூப்பிட்டாள். எதுவும் அசையவில்லை. “காத்தைத் தடுக்கிறவரே. பெரியவரே.” ஒரு கழுகு அவருடைய கழுத்தைச் சுற்றிப் போயிற்று. யாகுப் எண்ணைப் பார்த்து இல்லையென்று தலையசைத்தான். கீழே முற்றத்தில் ஊர் முழுவதும் நின்றது; பேகிஷ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு ஜிபாரின் மாமியார் கலிச்சா இரண்டு வாளி வெந்நீரோடு வந்தார். அவர் ஐம்பத்தோரு ஆண்டுகளாக அந்த வீட்டின் மருமகள். எந்த இடத்தில் தயங்கி எந்தச் சொல்லுக்குத் தாவ வேண்டும் என்பதை ஜிபார் கற்றது அவருடைய உதடுகளைப் பார்த்துத்தான்.

“யாரைடி கூப்பிடுற?” என்றார் கலிச்சா, ஏணியின் அடியில் நின்று.

“அவரைத்தான் அத்தை.”

“அவரைத்தான்னு அவருக்குத் தெரியுமா?” வாளிகளைக் கீழே வைத்தார். “நானும் எத்தனை வாட்டி கூப்பிட்டிருப்பேன். மாடு தொலைஞ்சப்போ, உன் மாமனார் படுத்த படுக்கையா கிடந்தப்போ. மேற்கே இருப்பவரே, மேற்கே இருப்பவரேன்னு. ஒரு வாட்டி திரும்பலை. அவருக்கும் மேற்கே எத்தனையோ மலை இருக்கு. அதுல எதையோ கூப்பிடுறாங்கன்னு இருந்திருப்பார்.”

“பேரைச் சொல்லித்தானே ஆம்பளைங்க கேட்டாங்க.”

“இவனுங்க கழுதையைக் கூப்பிடவும் அந்தப் பேரைத்தான் சொல்றானுங்க. நாளுக்கு நூறு வாட்டி கேட்டா எந்தக் காதுதான் கேட்கும்?” பேகிஷ் தன் தொப்பியின் உட்புறத்தை ஆராய்ந்தார். “உன் வாயால கேட்டதில்லை அவரு. என் வாயாலயும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்த ஒருத்தி வாயாலயும் கேட்டதில்லை. கூப்பிடு. சத்தமா கூப்பிடு, இடது காது மந்தம்.”

“நீங்க நிக்கும்போது எப்படி அத்தை?”

“நான் காதைப் பொத்திக்கிறேன்,” என்று சொல்லி, கலிச்சா ஈரக் கைகள் இரண்டாலும் காதுகளைப் பொத்திக்கொண்டார். முற்றத்தில் நின்ற மருமகள்கள் ஒவ்வொருவராகத் தங்கள் காதுகளைப் பொத்திக்கொண்டார்கள். கண்களை யாரும் மூடவில்லை.

அதற்குப் பின் நடந்தவை மாவட்ட அலுவலகத்தின் தாள்களில் முறையாகப் பதிவாகியுள்ளன. அந்த ஆண்டு வந்த நில அளவையர்கள் எசென்குல் மலை தெற்கே எண்பத்து நான்கு மீட்டர் தள்ளியிருப்பதைக் கண்டு, முன்னைய அளவீடு பிழை என்று எழுதித் திருத்தினார்கள். ஓர் அர்ச்சா மரமும் சாயவில்லை, ஓடைக்கு மட்டும் வேறிடத்தில் ஒரு பலகைப் பாலம் போட வேண்டியிருந்தது. சபிரா டாக்டர் அன்று நண்பகலில் ஈரமில்லாத, உடையாத முழு உருவத்தோடு சுவரில் தோன்றி, கோட்டைப் பன்னிரண்டு நிமிடம் பார்த்து, ஊசியின் அளவைச் சொல்லி, பிறகு இரண்டே முக்கால் மணி நேரம் ஜிபாரின் கைகளை விட்டு விலகாமல் இருந்தார். பெண் குழந்தை; இரண்டு கிலோ எழுநூறு; பிறந்ததும் அழாமல், முதுகைத் தேய்த்த பிறகு அழுதது. எகாதெரின்பர்கில் சாரத்தின்மேல் நின்றிருந்த தகப்பன் அதைப் பார்த்துவிட்டு, தன்னைக் கீழே இறக்கிவிடும்படி மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டான். அடுத்த கோடையில் யாகுப் சுகாதார நிலையத்தின் கூரையிலிருந்து இன்னும் உள்ளே இருந்த இரண்டு ஊர்களுக்கு அலையைத் தாண்டவைத்தான். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் மூன்று ஊர்களிலுமாக ஒன்பது குழந்தைகள் குளிர்காலத்தில், தங்கள் வீட்டுப் புகையின் மணத்திலேயே பிறந்தன. மலை தள்ளி உட்கார்ந்ததைப் பற்றி ஊரில் அதிகம் பேச்சில்லை. கேட்கவேண்டிய விதத்தில் கேட்டால் யாரும் இடம் கொடுக்கத்தானே செய்வார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

இவையெல்லாம் பிற்பாடு வந்தவை. அந்த நேரத்தில், கூரைக்கு அடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி எண்பத்து நான்கு என்று சொன்ன குரல் மட்டுமே இருந்தது. ஜிபார் கூரையின் விளிம்புக்கு வந்தாள். தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். நெஞ்சு நிறையக் குளிர்ந்த காற்றை இழுத்து, ஒருமுறைகூட உச்சரித்துப் பழகாத அந்தச் சொல்லை, நாற்பத்து மூன்று வீடுகளும் கேட்க, ஆண்களும் பெண்களும் மாமியாரும் பார்த்துக்கொண்டிருக்க, எடுத்தாள்.

“எசென்குல்,” என்று கூப்பிட்டாள். “எசென்குல் மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. உங்க வீட்டுப் பிள்ளை வருது.”